பால் தடவி ஒட்டிய லேபிள்கள்

சிட்னியில், செவன் ஹில்ஸ் ஸ்டேஷனைத் தாண்டி, தண்டவாளத்தை ஒட்டிப் போகும் தெருவில் கிழக்கே நடந்துகொண்டிருந்தேன். தோளில் ஒரு பை, கையில் சுருட்டிக் கட்டிய போர்வை. ரெயிலில் ஏறியிருக்கலாம். ஏறினால் கொஞ்ச நேரத்தில் பென்டில் ஹில் வந்துவிடும், அங்கே போய் என்ன சொல்வது என்று யோசிக்க நேரம் கிடைக்காது. அதனால் நடந்தேன். ஜூலை மாதம், இங்கே குளிர்காலம். வெயில் இருந்தது, சூடு இல்லை.

அந்த வீட்டில் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல்தான் கிளம்பினேன். கோபத்தில் இல்லை. செத்த வீட்டிலிருந்து போகிறவன் போய்வருகிறேன் என்று சொல்லக்கூடாது. காலை எட்டு மணிவரை அது பிறந்தநாள் வீடு. பத்து மணிக்குச் செத்த வீடு. இடைப்பட்ட நேரத்தில் ஒருவரும் சாகவில்லை. செத்தவர் செத்து மூன்று வருடம் ஆகியிருந்தது. அதை அன்று அவருடைய மனைவிக்குச் சொன்னவன் நான்.

அந்த வீட்டுக் கராஜில் ஏழு மாதம் இருந்தேன். அதற்கு முன்னால் ஆஸ்திரேலியாவின் தடுப்பு முகாம், அதற்கு முன்னால் படகு. முகாமிலிருந்து வெளியே விட்டதும் மெல்பேர்ன் போய் கிளேட்டனில் ஒரு சாப்பாட்டுக் கடையில் இரண்டு மாதம் கோப்பை கழுவினேன். அங்கே நிற்கப் பிடிக்கவில்லை. பிடிக்காததற்குக் காரணம் ஒன்றும் இல்லை. ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட நாளிலிருந்து எனக்கு இப்படித்தான், ஓரிடத்தில் படுக்கை சூடேறினால் எழும்பிப் போகவேண்டும். சிட்னிக்கு வந்தபோது கையில் வேலை செய்யலாம் என்று எழுதிய தற்காலிக விசா இருந்தது, படுக்க இடம் இருக்கவில்லை. யாரோ சொல்லி அந்த வீட்டுக்குப் போனேன்.

வீட்டுக்காரரை அங்கிள் என்று கூப்பிடுவேன். வந்து இருபது வருடத்துக்கு மேலானவர், தண்ணீர்க் குழாய் போடும் கம்பெனியில் எஞ்சினியர். அவருடைய மனைவி, அன்ரி. பிள்ளைகள் படித்து வேறு நகரங்களுக்குப் போய்விட்டார்கள். மூன்றாவதாக அங்கிளின் தங்கை இருந்தார். வன்னியில் நடந்த கடைசிச் சண்டையிலிருந்து தனியாக வெளியே வந்து, வவுனியா முகாமில் இருந்து, பிறகு சென்னை போய், அங்கிருந்து மனிதாபிமான விசாவில் அண்ணனிடம் வந்து சேர்ந்தவர். நாற்பத்தைந்து வயது இருக்கும். நான் அக்கா என்பேன். அவருடைய கணவரைக் காணவில்லை. அந்த வீட்டில் அதைக் குறித்த பேச்சு எப்போதும் அந்த ஒரு சொல்லோடு நிற்கும். காணவில்லை. அக்கா பொட்டு வைத்திருந்தார், தாலி போட்டிருந்தார், ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மேய்ஸ் ஹில் கோயிலுக்குப் போய்க் கணவரின் பெயர் நட்சத்திரம் சொல்லி அர்ச்சனை செய்வார். அங்கிள்தான் காரில் கூட்டிக்கொண்டு போவார்.

கராஜின் பாதியைப் பலகையடித்து எனக்கு அறையாக்கியிருந்தார்கள். மற்றப் பாதியில் அங்கிளின் பியர். கடையில் வாங்கிய, முளைவிட்ட பார்லியில் காய்ச்சிய மோல்ட் பாணி ஒரு டின், ஒரு கிலோ சீனி, ஈஸ்ட், மிச்சம் தண்ணீர். எல்லாவற்றையும் பிளாஸ்டிக் பீப்பாவில் ஊற்றி மூடி, மூடியில் ஒரு வளைந்த குழாய் செருகிவிடுவார். அதன் வழியாகக் காற்று குமிழி குமிழியாக வெளியேறும். பலகைக்கு இந்தப் பக்கம் நான் படுத்திருக்க, அந்தப் பக்கம் யாரோ ஒருவர் விடாமல் தண்ணீர் குடிப்பதுபோல் சத்தம் கேட்கும். குளிர் தொடங்கியதும் பீப்பாவின் கீழே வைக்க மின்சாரத்தில் சூடேறும் பாய் ஒன்று வாங்கினார். எனக்கு அப்படி ஒன்று இல்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. குளிரில் ஈஸ்ட் வேலை செய்யாது, நான் செய்வேன்.

வெள்ளிக்கிழமை கோயில், சனிக்கிழமை கள்ளுக்கொட்டில் என்று அன்ரி சாடை பேசுவார். இது கள் இல்லை, கெமிஸ்ட்ரி என்பது அங்கிளின் பதில். அப்படியென்றால் கெமிஸ்ட்ரியைக் குடித்துவிட்டு ஏன் பழைய பாட்டுப் பாடுகிறீர்கள் என்று அன்ரி கேட்பார். அந்த வீட்டில் சிரிப்பு இல்லாமல் இல்லை. அக்காவும் சிரிப்பார், வாயைப் பொத்திக்கொண்டு.

அந்த வருடம் அங்கிளுக்கு ஐம்பது வயது முடிந்தது. இரண்டு பீப்பா பியர் போட்டு அறுபது பெரிய போத்தல் நிரப்பினார். பிறந்தநாளுக்கு வருகிறவர்கள் ஆளுக்கொன்று வீட்டுக்குக் கொண்டுபோகவேண்டும், ஒவ்வொன்றிலும் கடைப் போத்தல்போல் லேபிள் இருக்கவேண்டும் என்று ஆசைப்பட்டார். நான் வவுனியாவில் ஸ்டூடியோவில் வேலை செய்தவன் என்பது அவருக்குத் தெரியும். பிள்ளைகள் விட்டுப்போன பழைய லேப்டாப் ஒன்றில் போட்டோஷொப் இருந்தது. அதைக் கொண்டுவந்து என் கட்டிலில் வைத்தார்.

நான் நாலு வருடம் சேர்ந்தாற்போல் செய்த ஒரே வேலை அந்த ஸ்டூடியோ வேலைதான். படம் பிடிப்பதைவிடத் திருத்துவதுதான் அதிகம். கோட் போட்டிராத ஆளுக்குக் கோட் போடுவோம். கொம்பியூட்டரில் பன்னிரண்டு கோட்டுகள் டையோடு தயாராக இருக்கும், கழுத்துக்கு ஏற்றதை எடுத்துத் தலையை மேலே வைக்கவேண்டும். எந்தப் படத்தையும் தொடமுன் வாடிக்கையாளரிடம் ஒன்று கேட்கவேண்டும் என்பது முதலாளியின் கட்டளை. ஆள் இருக்கிறாரா? இருக்கிறார் என்றால் பின்னால் வெறும் நீலம். இல்லை என்றால் தலைக்குப் பின்னால் வெள்ளை வெளிச்சம், கழுத்தில் மாலை, கீழே ஒரு விளக்கு. சண்டை முடிந்த பிறகு மூன்றாவது பதில் ஒன்று வரத் தொடங்கியது. தெரியாது. முகாமிலிருந்து பாஸ் எடுத்து வந்தவர்கள், அடையாள அட்டையிலிருந்து வெட்டிய முத்திரை அளவுப் படத்தைக் கண்ணாடி மேசையில் வைத்துவிட்டுத் தெரியாது என்பார்கள். தெரியாதவர்களுக்கு நீலம்தான், வெளிச்சம் வைக்கவே கூடாது. என்னோடு நின்ற ஒருவன் கைப்பழக்கத்தில் ஒருமுறை வைத்துவிட்டான். அந்தத் தாய் படத்தைத் தொடாமல், கொடுத்த முற்பணத்தையும் கேட்காமல், வெயிலில் இறங்கிப் போனார்.

இவ்வளவும் தெரிந்தவன்தான் நான். அங்கிளிடம் அந்தக் கேள்வியை நான் கேட்கவில்லை.

முதலில் அவர் பனைமரமும் கங்காருவும் வேண்டும் என்றார். செய்து காட்டினேன். தமிழ்ச் சங்கத்து இலச்சினை மாதிரி இருக்கிறது, இதை ஒட்டினால் குடிக்கிறவன் முதலில் எழுந்து நின்று வணக்கம் சொல்லுவான் என்றார். இரண்டு நாள் கழித்து ஒரு கலியாணப் படத்தைக் கொண்டுவந்தார். தங்கையின் கலியாணம், எண்பத்தொன்பதில் எடுத்தது. மாப்பிள்ளை நடுவில், இடப்பக்கம் பெண், வலப்பக்கம் மாப்பிள்ளைத் தோழனாக அங்கிள். எங்கள் பக்கத்தில் பெண்ணின் சகோதரன்தான் தோழனாக நிற்பான். இவர்கள் அதற்கு முன்பே பள்ளிக்கூடச் சிநேகிதர்கள், ஒன்றாகக் கள்ளுக் குடிக்கப் பழகியவர்கள். சிநேகிதன்தான் பிறகு மச்சான் ஆனான். பியருக்கு மச்சான் என்று பெயர் வைப்போம், எங்கள் இருவரின் முகமும் வரட்டும் என்றார். தங்கையை எடுத்துவிட வேண்டும். அவளைப் பியர்ப் போத்தலில் ஒட்ட ஏலாது.

படம் பழுதாகியிருந்தது. ஓரமெல்லாம் பூஞ்சணம். நல்லாக இருந்தது மாப்பிள்ளையின் முகமும் அவருடைய மாலையும்தான். தாலி கட்டி முடிந்து, தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்திருந்த நேரம், நெற்றியில் வியர்வை தெரிந்தது. இருபத்தேழு இருபத்தெட்டு வயது ஆள், சிரிக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிற முகம்.

மரக்கறி பொதிசெய்யும் இடத்தில் எனக்கு வாரம் மூன்று நாள் வேலை. மற்ற நாள்களில் பின்னேரம் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு இதைச் செய்தேன். அக்காவை அழிக்க இரண்டு பின்னேரம் பிடித்தது. முகத்தை எடுப்பது சுலபம், கூறைச் சேலையின் கரை மாப்பிள்ளையின் தோளில் பட்டுக்கொண்டிருந்தது, அதைத்தான் எடுக்க முடியவில்லை. பக்கத்துத் துணியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பிரதி எடுத்து மூடினேன். மூட மூட ஒரு சிவப்பு நிழல் மிஞ்சியது. கடைசியில் அந்தப் பக்கம் முழுவதையும் வெள்ளையாக்கி, ஓரத்தை மெதுவாகக் கரைத்துவிட்டேன். ஒரு பக்கம் மட்டும் வெள்ளையாக இருந்தால் வெட்டித் தெரியும் என்று தலைக்குப் பின்னாலும் அதைப் பரவ விட்டேன். கை செய்துகொண்டே போனது. பழகிய வேலை, நல்லாக வந்தது.

புதன்கிழமை அங்கிள் வேலையிலிருந்து வந்து உடுப்பு மாற்றாமலே கராஜுக்குள் வந்தார். திரையைப் பார்த்ததும் வழக்கமாக ஏதாவது குறை சொல்லுவார். அன்று சொல்லவில்லை. கவிழ்த்து வைத்திருந்த பிளாஸ்டிக் கூடையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். எழுத்தைக் கொஞ்சம் கீழே இறக்கவா என்று கேட்டேன்.

"வேண்டாம். இதிலை ஒண்டும் மாத்தாதையும்."

புதிதாகப் போட்டிருந்த பீப்பா தண்ணீர் குடித்தது.

"அவன் இல்லை, தம்பி."

இரண்டு வருடத்துக்கு முன்னால், தங்கை இன்னும் சென்னையில் இருந்தபோது, லண்டனிலிருந்து ஒருவர் தொலைபேசியில் பேசினாராம். மச்சானோடு ஒரே பங்கரில் கிடந்தவர். ஷெல் விழுந்தது, கடல்நீரேரிக் கரையில் தானே மணல் தள்ளி மூடிவிட்டு வந்ததாகச் சொன்னாராம். சந்தேகத்துக்கு இடமில்லை, கையில் இருந்த தழும்பு வரைக்கும் சொன்னாராம். தங்கை வந்து இறங்கியதும் சொல்லுவோம் என்று அங்கிள் இருந்திருக்கிறார். தங்கையோ விமான நிலையத்தில் ஒரு பெரிய கோப்போடு வந்து இறங்கினார். எந்தெந்த அலுவலகத்துக்கு மனுப் போட்டாரோ அத்தனையின் பிரதியும், கணவரின் படங்களும் அதில் இருந்தன. ஒரு கிழமை போகட்டும் என்று நினைத்தாராம். கிழமை மாதமானது.

"இனிச் சொன்னால் முந்தி ஏன் சொல்லேல்லை எண்டு கேப்பாள். அதுக்கு என்னட்டை மறுமொழி இல்லை. அன்ரிக்கும் தெரியாது. உமக்குத்தான் சொல்லுறன்."

ஏன் எனக்குச் சொன்னார் என்று கேட்கவில்லை. கராஜில் இருக்கிறவன் இன்றைக்கோ நாளைக்கோ போய்விடுவான், அவனோடு சேர்ந்து அதுவும் போய்விடும் என்று நினைத்திருக்கலாம். எனக்கும் அப்போது அது பெரிதாகப் படவில்லை. அந்த நாள்களில் எங்கள் ஆட்கள் யாரோடு பேசினாலும் இப்படி ஒன்று வெளியே வரும்.

வீட்டு பிரிண்டரில் ஒரு தாளில் நாலாகப் பதினைந்து தாள் எடுத்தோம். முதல் தாள் வெளியே வந்தபோதுதான் முழுவதையும் ஒன்றாகப் பார்த்தேன். திரையில் வேலை செய்கிறவன் ஒவ்வொரு மூலையாகத்தான் பார்ப்பான். கலியாணப் பெண் பக்கத்தில் நின்றால் அது கலியாண மாலை. பெண்ணை எடுத்துவிட்டால் மாலை போட்ட ஒரு ஆண், தலைக்குப் பின்னால் வெளிச்சம். பக்கத்தில் அங்கிள் சாதாரண ஆளாக நிற்கிறார். கீழே விளக்கு மட்டும்தான் இல்லை. எனக்கு விளங்கியது. அங்கிளுக்குப் புதன்கிழமையே விளங்கியிருந்தது என்பதும் அப்போதுதான் விளங்கியது. அவருக்கு அப்படித்தான் வேண்டியிருந்தது. சிநேகிதனுக்கு ஒரு அஞ்சலி நோட்டீஸ் அடிக்க வழியில்லாதவர். விளங்கியும் பதினைந்து தாளையும் வெட்டிக் கொடுத்தேன்.

வீட்டில் பியர் போடுகிறவர்கள் லேபிளைப் பால் தடவித்தான் ஒட்டுவார்கள். காய்ந்தால் நல்லாகப் பிடிக்கும், பிறகு வெந்நீரில் போட்டால் சுலபமாகக் கழன்றுவிடும். சனிக்கிழமை பின்னேரம் அறுபதையும் ஒட்டினேன். சாமிக்கு ஊற்றுகிற பாலைப் போத்தலுக்குப் பூசுகிறீர்கள் என்று அன்ரி குசினியில் சமைத்துக்கொண்டே சொன்னார். கராஜில் ஈரம், பால் காயவில்லை. அதனால் எல்லாவற்றையும் உடுப்புத் தோய்க்கும் அறைக்குக் கொண்டுபோய் மெஷினின் மேலும் தரையிலும் அடுக்கினேன். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்திருக்கலாம். காய்வதற்காக வெளிப்பக்கம் திருப்பி வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை அங்கிளும் அன்ரியும் இறைச்சியும் ஐஸும் வாங்கப் போனார்கள். பின்னேரம் ஆட்கள் வர இருந்தார்கள். நான் முற்றத்தில் கதிரைகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். தோய்க்கிற அறையின் ஜன்னலுக்குள்ளிருந்து அக்கா கூப்பிட்டார், உரத்து இல்லை.

"தம்பி, ஒருக்கா இஞ்சை வாரும்."

உள்ளே போனபோது தொட்டியில் வெந்நீர் திறந்துவிட்டிருந்தார். முதல் நாலு போத்தல்களை ஏற்கனவே தண்ணீருக்குள் வைத்துவிட்டார். இதுகளைக் கழற்றவேணும் என்றார், தோய்க்கிற வேலையைச் சொல்கிற குரலில். நானும் கையை மடித்துவிட்டுப் பக்கத்தில் நின்றேன். அந்த பிரிண்டர் மை தண்ணீருக்கு நிற்காது. லேபிள் கழலமுன்னமே நிறம் இறங்கத் தொடங்கியது. மாலையின் சிவப்புத்தான் முதலில் போனது, அதற்குப் பிறகு முகம். அவர் அதைப் பார்க்காமல் விரலால் தள்ளித் தள்ளி உரித்தார். உரித்த தாளைக் கசக்காமல் ஒன்றன்மேல் ஒன்றாக மெஷினின் ஓரத்தில் வைத்தார்.

"அந்த மாலை நான் போட்டது" என்றார்.

"ஓம் அக்கா. படத்திலை இருந்ததுதான். நான் ஒண்டும் புதுசாப் போடேல்லை."

"இஞ்சாலை நான் நிண்டனான்."

பியர்ப் போத்தலில் நீங்கள் வரக்கூடாது என்று அங்கிள் எடுக்கச் சொன்னவர் என்றேன். அதற்குத் தலையாட்டினார், அது சரிதான் என்பதுபோல். பின்னாலே வெளிச்சம் ஏன் என்று கேட்டார். சேலைக் கரை தெரிந்தது, அதை மறைக்க என்றேன். அதுவும் உண்மைதான்.

"நீர் வவுனியாவிலை ஸ்டூடியோவிலை நிண்டனீர். நான் அந்தக் கடையளெல்லாம் ஏறி இறங்கினனான். இருக்கிற ஆளுக்கு இப்பிடிச் செய்யிறேல்லை. காணாத ஆளுக்கும் செய்யிறேல்லை."

நான் ஒரு போத்தலை எடுத்து உரித்தேன்.

"அண்ணா உமக்கு ஏதும் சொன்னவரோ?"

ஏன் சொன்னேன் என்று பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன். நேர்மை என்று சொல்லமாட்டேன். படகில் வந்தவன், அதிகாரிகளின் கேள்விக்கு யோசித்து, திருப்பி யோசித்துப் பதில் சொல்லப் பழகியவன். இவர் கேட்ட விதம் வேறு. பதிலைக் கையில் வைத்துக்கொண்டு, மற்றவனிடமும் அதுதான் இருக்கிறதா என்று சரிபார்ப்பவர்போல் கேட்டார். இல்லை என்று சொல்ல ஒரு மூச்சு அளவு நேரம் இருந்தது. அது போய்விட்டது.

"ஓம்" என்றேன்.

மேலும் மூன்று போத்தலை அவர் உரித்தார். பிறகு எங்கே என்று கேட்டார், சொன்னேன். யார் கண்டது என்று கேட்டார், லண்டன்காரரைச் சொன்னேன். மூடினவையோ என்று கேட்டார். மூடினவை என்றேன்.

"அண்ணாவுக்கு எப்பத் தெரியும்?"

"நீங்கள் வரமுந்தியே, அக்கா."

அப்போதுதான் அவருடைய கை நின்றது.

"வந்த நாளிலையிருந்து ஒவ்வொரு வெள்ளியும் அவர்தானே என்னைக் கோயிலுக்கு ஏத்திக்கொண்டு போறவர்" என்றார். "அர்ச்சனைத் துண்டும் அவர்தான் எடுக்கிறவர். பேரையும் நட்சத்திரத்தையும் அவர்தான் சொல்லுறவர்."

அறுபது போத்தலும் முடியும்வரை உரித்தோம். அவர் அழவில்லை. கடைசியில் தொட்டித் தண்ணீரைத் திறந்துவிட்டு, தொட்டியைத் துடைத்து, கையைத் துடைத்து, உரித்த தாள்களை ஒரு துவாயில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் நீண்ட நேரம் கேட்டது. சாவைக் கேள்விப்பட்டால் தலையில் தண்ணீர் ஊற்றவேண்டும். எப்போது கேள்விப்பட்டாலும்.

கார் வந்தது. அங்கிள் ஐஸ் பைகளோடு குசினிக்குள் போனார். அக்கா ஈரத் தலையோடு அங்கே நின்றார். அவர் என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை, ஒரு வசனத்துக்கு மேல் இருக்காது. ஐஸ் பை தரையில் விழுந்த சத்தம் கேட்டது. பிறகு அன்ரியின் குரல்.

"அப்ப இவ்வளவு காலமும் துடக்கோடையே கோயிலுக்குப் போய்வந்தனாங்கள்?"

வெளியாள் ஒருவருக்கு அது கல்நெஞ்சுக்காரக் கேள்வியாகப் படலாம். அன்ரி கெட்டவர் இல்லை. வீட்டில் சாவு விழுந்தால் தீட்டு, அந்தத் துடக்குக் கழியும்வரை கோயில் படி மிதிக்கக்கூடாது. ஒரு ஆள் செத்ததை மறைத்து வைத்தால் முதலில் பிழையாகிப்போவது அதுதான். அவருக்குக் கைக்கு எட்டிய துக்கம் அது. கொஞ்ச நேரத்தில் அவரே தொலைபேசியை எடுத்து வருகிறவர்களுக்கு ஒவ்வொருவராகச் சொல்லத் தொடங்கினார். முதல் இரண்டு பேருக்கு அங்கிளுக்குக் காய்ச்சல் என்றார். மூன்றாவது ஆளுக்கு உண்மையைச் சொல்லி அழுதார்.

அங்கிள் கராஜுக்கு வந்தார். பலகைக் கதவுக்கு வெளியே நின்றார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டினால் சுலபமாக இருந்திருக்கும்.

"உமக்குச் சொன்னது என்ரை பிழை" என்றார். "ஆனா நீர் இனி இஞ்சை நிக்கேலாது, தம்பி. உம்மைப் பாத்துக்கொண்டு என்னாலை இருக்கேலாது."

சரி என்றேன். எனக்கு மூட்டை கட்டப் பத்து நிமிடம் போதும். வெளியே வரும்போது முற்றத்தில் அக்கா உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தார், காலையில் தோய்க்க வந்த அதே உடுப்புகள். என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் அவருடைய நெற்றியைப் பார்க்கவில்லை, கால்களைப் பார்த்தேன். போயிட்டு வாறன் என்று வாய்வரை வந்ததை நிறுத்திக்கொண்டு வெளிக் கதவைத் திறந்தேன்.

துங்காபியில் ஒரு தண்ணீர்க் குழாய் இருந்தது, குடித்தேன். பென்டில் ஹில் போய்ச் சேர மத்தியானம் கடந்துவிட்டது. தடுப்பு முகாமில் பக்கத்துக் கட்டிலில் படுத்தவர் அங்கே ஒரு வீட்டில் ஐந்து பேரோடு இருந்தார். மன்னார்க்காரர், என்னைவிடப் பத்து வயது கூட, நான் அண்ணை என்பேன். கதவைத் திறந்து பையைப் பார்த்தார், போர்வையைப் பார்த்தார், வா என்றார். நடந்ததைச் சொன்னேன். சோறு போட்டுக்கொண்டே கேட்டார். சொன்னது சரியா பிழையா என்று அவர் ஒன்றும் சொல்லவில்லை. உன்ரை வாய்க்கு ஒரு வீடு போச்சு என்றார், அவ்வளவுதான்.

சாப்பிட்டு முடிந்ததும் எனக்கு வேலை பார்க்கத் தொடங்கினார். மரக்கறி வேலை அங்கிள் மூலமாக வந்தது, அதற்குத் திரும்பிப் போக ஏலாது. இரண்டு இடம் இருக்கிறது என்றார். ஒன்று பக்கத்தில் ஒரு தமிழாளின் அச்சுக்கடை. கலியாணக் காட், கோயில் நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி. போட்டோஷொப் தெரிந்த ஆளைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

"கதிரையிலை இருந்து செய்யிற வேலை. ஹீற்றர் இருக்கு. உனக்கெண்டே செய்து வைச்ச மாதிரிக் கிடக்கு."

மற்றது என்ன என்று கேட்டேன்.

"மற்றது நான் செய்யிறது. கொண்டெயினரிலை வாற சாமான் இறக்கிறது. அதைப் பற்றி உனக்கு ஏன்?"

அதற்கு வருகிறேன் என்றேன். விசரோ உனக்கு என்றார். முதுகு போய்விடும், ஒரு வருடம் செய்தவர்கள் குனிந்து சப்பாத்துக் கட்ட முடியாமல் திரிகிறார்கள் என்றார். அச்சுக்கடைக்கு அஞ்சலிப் படம் கொண்டு வருகிறவர்கள் யாராக இருப்பார்கள் என்று அவருக்கும் தெரியும். நான் அதைச் சொல்லவில்லை, அவர் பிறகு கேட்கவும் இல்லை. யாரிடமோ பேசி நாளைக்கு ஒரு ஆள் கூட வருகிறான் என்று சொல்லிவிட்டு, இரும்பு முனை வைத்த சப்பாத்து ஒரு சோடி எடுத்துத் தந்தார். இரண்டு அளவு பெரிது. முன்னால் பேப்பர் அடைத்துப் போட்டுக்கொண்டேன்.

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்குக் களஞ்சியத்தின் பின்பக்கம் நாலு பேர் நின்றோம். என்னோடு மூன்று பேர் எங்களுடைய ஆட்கள், ஒருவர் ஆப்கானிஸ்தான்காரர். மேற்பார்வைக்காரன் வந்து பெயரைக் கேட்டு எழுதினான். முன்னால் என்ன வேலை செய்தாய் என்று கேட்டான். மரக்கறி பொதிசெய்தேன், கோப்பை கழுவினேன் என்றேன். வேறு ஏதாவது தெரியுமா என்றான். இல்லை என்றேன். மஞ்சள் சட்டை ஒன்றைத் தந்துவிட்டுப் போனான்.

கொண்டெயினரின் முத்திரைக் கம்பியை வெட்டிக் கதவைத் திறந்தார்கள். உள்ளே டயர். தரையிலிருந்து கூரைவரை, முன்னாலிருந்து கடைசிவரை, ஒன்றுக்குள் ஒன்று செருகி அடைத்திருந்தது. ரப்பர் மணம் முகத்தில் அடித்தது. அண்ணை ஏணியைச் சாய்த்து மேலே ஏறி, முதலாவதை இரண்டு கையாலும் அசைத்து இழுத்து, கீழே பார்த்து, பிடி என்றார். நான் பிடித்தேன்.